ஒரு குடம் தண்ணியும் கான்கிரீட் சங்கமும்

கடைசியாப் பதிவு போட்டு எவ்வளவு நாளாச்சுன்னு எனக்கே மறந்து போச்சு. தாம்பரம் லோக்கல் டிரெயின் கூட்டம், சேலையூர்ப் பக்கத்து பரோட்டான்னு எழுதிக்கிட்டிருந்தவன், இன்னிக்குக் கான்கிரீட்டைப் பத்தி எழுத வந்திருக்கேன். "இவனுக்கு என்னமோ ஆயிடுச்சு"ன்னு ஓடிடாதீங்க. இதைப் படிச்சுக்கிட்டு இருக்கிற இந்த நிமிஷத்துல உங்கள்ல முக்காவாசிப் பேர் தலைக்கு மேல அஞ்சு இன்ச் கான்கிரீட் இருக்கு. அதுக்காகவாவது கடைசி வரைக்கும் படிங்க :-)

விஷயம் இதுதான். கொஞ்ச நாள் முன்னாடி எனக்கு ஒரு அழைப்பிதழ் வந்தது. கட்டுமானத் துறைச் சங்கம் ஒண்ணு (பேர் வேணாம்) சிட்டிக்குள்ள ஒரு நட்சத்திர ஓட்டல்ல கூட்டம் நடத்துது. வழவழன்னு அட்டை. சங்கத்துச் செய்திகள், புதுசா சேர்ந்த உறுப்பினர்கள், யார் யாருக்கு விருது, அடுத்தடுத்து வரப்போற நிகழ்ச்சிகள் எல்லாம் வரிசையாப் போட்டிருந்தாங்க. மொத்தமும் ஆங்கிலம். நாள் செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஆறு மணி. முடிவுல டின்னர். அனுப்பி வச்சது எங்க பக்கத்து வீட்டு ரிடையர்டு எஞ்சினியர் சார். "நீங்கதான் இப்ப கான்கிரீட் பைத்தியம் ஆயிட்டீங்களே, கூட வாங்களேன்"னு கூப்பிட்டார்.

நான் பைத்தியமான கதையை முதல்ல சொல்லிடறேன். அப்பதான் மத்தது புரியும்.

மாடம்பாக்கம் பக்கம் ஒரு சின்ன மனை. அப்பா காலத்துல வாங்கிப் போட்டது. 2023-ல கடனை உடனை வாங்கி வீடு ஆரம்பிச்சேன். மே மாசம், நல்ல அக்னி நட்சத்திரம், ஞாயித்துக்கிழமை ரூஃப் கான்கிரீட். தொள்ளாயிரம் சதுர அடி. பீம் எல்லாம் சேர்த்து பதினாலு கன மீட்டர்னு கணக்கு. மூணு மிக்சர் லாரி. எம்25 கிரேடு ரெடிமிக்ஸ். மொட்டை மாடியில பூசணிக்காய் உடைச்சு, கற்பூரம் ஏத்தி, அம்மா கையால முதல் பாண்டு கான்கிரீட்டைப் போட வச்சாச்சு. கீழ ஆளுங்களுக்குப் பிரியாணி சொல்லியாச்சு. சொந்தக்காரங்க எல்லாம் ஆஜர்.

முதல் லாரி நல்லபடியாப் போச்சு. ரெண்டாவது லாரி வரலை. போன் போட்டா, "மேடவாக்கம் கிட்ட நிக்குது சார், டிராஃபிக்"னு பதில். வந்து சேர்ந்தப்போ ஏத்துன நேரத்துல இருந்து ரெண்டு மணி நேரம் ஆகப் போகுது. வெயில்ல கான்கிரீட் கெட்டியாகி, பம்ப்புல ஏற மாட்டேங்குது. பைப்பு முக்குது. மேஸ்திரி மேல இருந்து கத்தறார்: "சார், இது பைப்புல போவாதுங்க. டிரைவர் கிட்ட கொஞ்சம் தண்ணி வுடச் சொல்லுங்க!"

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் மேஸ்திரியைப் பார்த்தேன். எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ உறுத்துச்சு. எங்கேயோ படிச்ச ஞாபகம், கான்கிரீட்ல தண்ணி கலக்கக் கூடாதுன்னு. ஆனா நல்ல நேரம் முடியப் போகுது, முப்பது பேர் சும்மா நிக்கறாங்க, மூணாவது லாரி வழியில வந்துக்கிட்டிருக்கு. "என்னப்பா பார்த்துக்கிட்டு இருக்கே"ன்னு மாமா வேற. நான் தலையை ஆட்டினேன். டிரைவர் ஹோஸை எடுத்து டிரம்முக்குள்ள விட்டார். எவ்வளவு விட்டார்னு யாரும் அளக்கலை. ஒரு ஏழெட்டுக் குடம் இருக்கும். டிரம் நாலு சுத்து சுத்துச்சு. கான்கிரீட் பாயசம் மாதிரி வழிஞ்சுது. எல்லாருக்கும் சந்தோஷம். பிரியாணியும் நல்லா இருந்தது.

இருபத்தெட்டாம் நாள் கியூப் ரிசல்ட் வந்தது. முதல் லாரியில எடுத்த கியூபுங்க சராசரி 29. ரெண்டாவது லாரியில தண்ணி விட்டதுக்கு அப்புறம் எடுத்தது 20-ஐ ஒட்டி. எம்25-ன்னா ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்கணும். நான் காசு கொடுத்தது 25-க்கு.

அப்புறம் நடந்த கூத்தைச் சுருக்கமாச் சொல்றேன். ஆலைக்காரங்க, "எங்க சரக்கு சரியாத்தான் வந்துச்சு, சைட்ல தண்ணி விட்டீங்க"ன்னாங்க. மேஸ்திரி, "ஓனர் சொன்னாரு, வுட்டோம்"ன்னார். அவங்க ரெண்டு பேர் சொன்னதும் உண்மைங்கறதுதான் கொடுமை. புதுசாப் போட்ட தளத்துல மூணு இடத்துல துளை போட்டு கோர் எடுத்தோம். அந்த மெஷின் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. வீட்டம்மா கீழ் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துட்டாங்க. ரிசல்ட் 21.8, 20.4, 22.6. சராசரி 21.6. ஐ.எஸ். 456 விதிப்படி கோர் சோதனையில சராசரி, கிரேடுல 85 சதவீதம் இருக்கணும், எதுவும் 75 சதவீதத்துக்குக் கீழ போகக் கூடாது. 25-ல 85 சதவீதம் 21.25. ஆக நம்ம வீடு முப்பத்தஞ்சு மார்க் வாங்கி பாஸ் :-( இடிச்சுப் போட வேண்டாம்னு எஞ்சினியர் சொன்னப்போ அம்மா சாமி ரூமுக்கு ஓடினாங்க. அதே வருஷம் டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழை பெஞ்சப்போ, வீட்டுல ஒரே ஒரு மூலையில சீலிங் வேர்த்துச்சு. எந்த லாரி கான்கிரீட் அந்த மூலைன்னு நீங்களே சொல்லிடுவீங்க.

அன்னில இருந்துதான் பைத்தியம். கண்ணுல பட்டதை எல்லாம் படிச்சேன். புரிஞ்சதைச் சொல்றேன், தப்பு இருந்தா சிவில் படிச்ச பதிவர்கள் பின்னூட்டத்துல வந்து குட்டலாம்.

கான்கிரீட் காயறதால இறுகறதில்லை. அது சிமெண்டும் தண்ணியும் சேர்ந்து நடக்கிற வேதிவினை. அந்த வினைக்கு சிமெண்ட் எடையில ஏறக்குறைய கால் பங்கு தண்ணிதான் வேணும். ஆனா அவ்வளவு குறைச்சலா ஊத்தினா கலக்கவும் முடியாது, கம்பிக்கு நடுவுல இறங்கவும் இறங்காது. அதனால கூடுதலா ஊத்தறோம். அந்தக் கூடுதல் தண்ணி அப்புறம் வெளியேறி, அது இருந்த இடம் பூரா நுண்ணிய ஓட்டையா நிக்கும். ஓட்டை கூடக் கூட வலு குறையும், மழைத் தண்ணியும் இறங்கும். தண்ணிக்கும் சிமெண்டுக்கும் உள்ள இந்த விகிதம்தான் எல்லாம்னு டஃப் ஆப்ரம்ஸ்ங்கற அமெரிக்கர் 1918-லயே எழுதி வச்சுட்டார். நூறு வருஷப் பழைய சமாச்சாரம்.

என் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். ஒரு கன மீட்டருக்கு 350 கிலோ சிமெண்ட், 175 லிட்டர் தண்ணின்னு வச்சுக்குங்க. விகிதம் 0.50. லாரியில ஆறு கன மீட்டர். எட்டுக் குடம், குடத்துக்கு பதினஞ்சு லிட்டர், மொத்தம் 120 லிட்டர் ஊத்தினா கன மீட்டருக்கு 20 லிட்டர் ஏறுது. 195-ஐ 350-ஆல வகுத்தா 0.56 கிட்ட வந்துடுது. பார்க்க சின்ன நம்பர். ஆனா களத்துல சொல்ற உத்தேசக் கணக்குப்படி கன மீட்டருக்கு அஞ்சு லிட்டர் கூடினா வலு ஒண்ணரை நியூட்டன் வரைக்கும் இறங்கும். இருபது லிட்டருக்கு அஞ்சாறு நியூட்டன் காலி. அந்த எட்டுக் குடத்துக்கு நான் பைசா கொடுக்கலை. ஆனா என் வீட்டுலயே விலை அதிகமான பொருள் அதுதான்.

சரி, கூட்டத்துக்கு வருவோம்.

எஞ்சினியர் சார் கூட மாம்பலம் வரைக்கும் டிரெயின், அங்கிருந்து ஆட்டோ. ஏசி ஹாலுல நல்ல கூட்டம். பேசினவங்க எல்லாம் பெரிய படிப்பாளிங்க. முப்பரிமாண அச்சுல வீடு கட்டறது, எம்80-க்கு மேல போற கான்கிரீட், கார்பன் குறைச்ச சிமெண்ட்னு அருமையாப் பேசினாங்க. கிண்டல் பண்ணலை, நிஜமாவே அருமை. சுண்ணாம்புக்கல்லையும் சுட்ட களிமண்ணையும் சேர்த்துப் பண்ற எல்.சி.3 சிமெண்ட் பத்தி அங்கதான் முதல்ல கேள்விப்பட்டேன். சுவிட்சர்லாந்து, கியூபா, இந்தியா மூணு நாட்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து கொண்டு வந்தது. நம்ம ஐ.ஐ.டி. மெட்ராஸுக்கும் அதுல பெரிய பங்கு. வழக்கமான சிமெண்டை விட கார்பன் வெளியீட்டை 40 சதவீதம் வரைக்கும் குறைக்கலாமாம். 2023-ல ஐ.எஸ். 18189-னு அதுக்கு இந்தியத் தரக் குறியீடும் வந்தாச்சு. உலகம் விடுற கார்பன் டை ஆக்சைடுல நூத்துக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டால வருதுங்கறப்போ இது சாதாரண விஷயமில்லை.

கேள்வி நேரம் வந்தது. சும்மா இருக்க முடியாம கையைத் தூக்கிட்டேன். "ஐயா, தாம்பரம் பக்கம் சின்னதா வீடு கட்டுறவன் நான். ரெடிமிக்ஸ் லாரி வாசல்ல வந்து நின்னா நான் என்னென்ன கேட்கணும், என்ன பார்க்கணும்? தமிழ்ல ஒரு பக்கத்துல எங்கயாவது போட்டிருக்கீங்களா?"

ஹால்ல லேசா ஒரு சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தை கேள்வி கேட்டா வர்ற சிரிப்பு. மேடையில இருந்தவர் மரியாதையாத்தான் பதில் சொன்னார்: தகுதியான எஞ்சினியர் ஒருத்தரை வச்சுக்குங்க. அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க. டின்னர்ல பனீர் நல்லா இருந்தது.

திரும்பி வர்ற டிரெயின்ல சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலைன்னு ஸ்டேஷனா போயிக்கிட்டிருக்கு. எனக்கு மனசு ஆறலை. அந்தப் பதில் தப்பு இல்லை. ஆனா அது போதாது. ஏன் போதாதுன்னுதான் இந்தப் பதிவே.

முதல்ல நம்ம ஊர்ப் பெருமையைச் சொல்லிடறேன். கான்கிரீட் பத்தின அறிவுக்குப் பஞ்சம் இல்லாத ஊர் இது. 1982-ல ஆரம்பிச்ச இந்தியன் கான்கிரீட் இன்ஸ்டிட்யூட்டோட தலைமையகம் டெல்லியிலோ மும்பையிலோ இல்லை, நம்ம சென்னையிலதான். வருஷா வருஷம் செப்டம்பர் 7-ஐ அவங்க கான்கிரீட் தினமாக் கொண்டாடுறாங்க. தரமணியில கட்டமைப்புப் பொறியியலுக்குன்னே எஸ்.இ.ஆர்.சி. ஆய்வு மையம். கிண்டியில ஐ.ஐ.டி.யும் அண்ணா பல்கலைக்கழகமும். வண்டலூர்ல கிரசென்ட், காட்டாங்கொளத்தூர்ல எஸ்.ஆர்.எம்.னு தெற்கால பார்த்தா வழியெல்லாம் எஞ்சினியரிங் காலேஜ். தாம்பரத்துல நின்னு கல்லை விட்டெறிஞ்சா ஒரு சிவில் எஞ்சினியர் தலையிலதான் விழும் :-)

கல்லுன்னதும் ஞாபகம் வருது. 1863 மே 30-ஆம் தேதி பல்லாவரத்துல ஒரு சரளைக்குழியில ராபர்ட் புரூஸ் ஃபுட் எடுத்த கற்கோடரிதான் இந்தியப் பழைய கற்கால ஆராய்ச்சிக்கே பிள்ளையார் சுழி. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்லுக்கு நிலவியல்ல சார்னோக்கைட்னு பேர். கல்கத்தாவுல ஜாப் சார்னாக் கல்லறையில இருக்கிறது இந்த வகைக் கல்லுங்கறதால ஹாலண்ட்ங்கற நிலவியலாளர் அந்தப் பேரை வச்சார். திரிசூலம், பம்மல்னு சுத்தி இருந்த குவாரிகள்ல உடைச்ச ஜல்லிதான் சென்னையோட எத்தனையோ கட்டடத்துக்குள்ள இருக்கு. குவாரி முடிஞ்ச பள்ளத்துல தேங்கின தண்ணியைக் கூட நகரம் விடலை. 2017 வறட்சியில சிக்கராயபுரம் குவாரித் தண்ணியைச் சுத்திகரிச்சுக் குடிச்சோமே, மறந்துட்டீங்களா?

இவ்வளவு இருந்தும், ஒரு தாம்பரத்துக்காரன் வீட்டு வாசல்ல ரெண்டாவது லாரி வந்து நிக்கறப்போ, அந்த அறிவுல ஒரு சொட்டு கூட அங்க வந்து சேரலை. தண்ணிதான் வந்து சேர்ந்தது.

"சங்கம்னா உறுப்பினர்களுக்குத்தான்யா, ஊருக்கு உபதேசம் பண்றது அவங்க வேலையா?"ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. சங்கங்க செஞ்ச நல்லதையும் சொல்லணும். சிமெண்ட் விலையை கம்பெனிங்க கூட்டுச் சேர்ந்து ஏத்தறாங்கன்னு போட்டி ஆணையத்துக்குப் போனது 1941-ல இருந்து இருக்கிற பில்டர்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியாதான். 2012-ல பதினோரு கம்பெனிகளுக்கு ஆறாயிரம் கோடிக்கு மேல அபராதம் போட்டாங்க. அப்பீல், மறு உத்தரவுன்னு அது 2018-ல உச்ச நீதிமன்றம் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போனது வேற கதை. சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம்கறது அநியாயம்னு துறைக்காரங்க வருஷக்கணக்காக் கத்தினாங்க, 2025 செப்டம்பர் 22-ல இருந்து அது 18 ஆச்சு. ஆக விலைன்னு வந்தா சங்கத்தோட குரல் டெல்லி வரைக்கும் கேட்குது. தரம்னு வந்தா அது எங்க தெரு வரைக்கும் கேட்கணும்னுதான் சொல்றேன்.

இது உறுப்பினர்களுக்கும் நல்லதுதான். ஆலைக்காரர் ஒழுங்காக் கலந்து அனுப்பின சரக்கை நான் எட்டுக் குடம் ஊத்திக் கெடுத்தா, கெடுறது அவர் பேரும்தானே?

இப்ப இது ஏன் இன்னும் அவசரம்னா, 2024 ஜூலையில தமிழ்நாட்டுல சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரைக்கும் மனை, 3,500 சதுர அடி வரைக்கும் கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும் உள்ள வீடுன்னா, ஆன்லைன்ல விண்ணப்பிச்சு உடனே அனுமதி வாங்கிக்கலாம். பணி முடிப்புச் சான்றும் வேண்டாம். லஞ்சம், அலைச்சல் குறையும், நான் வரவேற்கிறேன். ஆனா இதுக்கு அர்த்தம் என்ன? "என் வீட்டுக்கு நானே பொறுப்பு"ன்னு கையெழுத்துப் போடறவன் நம்மள மாதிரி பேங்க் கிளார்க்கும், டீச்சரும், துபாய்ல இருந்து பணம் அனுப்பறவனும்தான். 2021 நவம்பர்ல தாம்பரம் மாநகராட்சி ஆச்சு. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் சேர்ந்து 70 வார்டு. இந்த 70 வார்டுலயும் ஞாயித்துக்கிழமை காலையில சுத்திப் பாருங்க, எங்கயாவது ஒரு ரூஃப் ஏறிக்கிட்டு இருக்கும். எத்தனை இடத்துல பக்கத்துல ஒரு எஞ்சினியர் நிப்பார்? நான் பார்த்த வரைக்கும் மேஸ்திரி நிப்பார், ஓனர் நிப்பார், ஓனரோட மாமா நிப்பார்.

மௌலிவாக்கத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2014 ஜூன் 28. பதினோரு மாடி, மழையில அப்படியே உட்கார்ந்துச்சு. 61 பேர் போனாங்க, பெரும்பாலும் வெளியூர்ல இருந்து பொழைக்க வந்த கூலி வேலைக்காரங்க. பக்கத்து டவரை 2016 நவம்பர்ல வெடி வச்சுத் தகர்த்ததை டிவியில வேடிக்கை பார்த்தோம். அங்க நடந்ததுக்கு எட்டுக் குடம் தண்ணிதான் காரணம்னு சொல்ல வரலை. அங்க தப்பு ஒண்ணு ரெண்டு இல்லை. ஆனா ஒவ்வொரு தப்பு நடக்கிற நேரத்துலயும் பக்கத்துல ஒருத்தன் தலையை ஆட்டியிருப்பான்ங்கறது மட்டும் எனக்கு நிச்சயம். ஏன்னா நான் ஆட்டியிருக்கேன்.

மேஸ்திரியைத் திட்டறதுலயும் எனக்கு உடன்பாடு இல்லை. அவர் பக்கத்தைக் கேட்டேன். பம்ப் அடைச்சா பைப்பைக் கழட்டிக் கழுவ ஒரு மணி நேரம் போகும், ஆள் கூலி அவர் தலையில விழும். மறுநாள் வேங்கைவாசல்ல இன்னொரு சைட். திருவண்ணாமலைப் பக்கத்துல இருந்து சித்தாளா வந்து, கொத்தனாராகி, மேஸ்திரியானவர். முப்பது வருஷத்துல எத்தனையோ வீடு கட்டிட்டார். "யாரும் எனக்கு தண்ணி வுடாதேன்னு சொன்னதில்ல சார். வேலை லேட்டாவுதுன்னுதான் திட்டி இருக்காங்க"ன்னார். அவருக்குக் கீழ வேலை செய்யற பசங்க ஒடிசா, பீகார். அவங்க கிட்ட அவர் பேசறது ஒரு தினுசான இந்தி. கோட் புத்தகம் ஆங்கிலம், மேஸ்திரி தமிழ், வைப்ரேட்டர் புடிக்கிற பையன் ஒடியா. இதுக்கு நடுவுல கான்கிரீட் எந்த மொழியில இறுகும் சொல்லுங்க?

குறை மட்டும் சொல்லிட்டுப் போகக் கூடாதில்லையா? சங்கத்து ஐயாமாருங்க கிட்ட என்னோட கோரிக்கை இவ்வளவுதான்.

1. வருஷத்துக்கு நாலு கூட்டத்தையாவது தாம்பரத்துக்குத் தெற்கே வைங்க. நட்சத்திர ஓட்டல் வேணாம். ஒரு கல்யாண மண்டபம், இல்லைன்னா காலேஜ் லேப். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எந்த மேஸ்திரி வருவார்? வாரக்கூலி வாங்கின மறுநாள், வேலை இல்லாத ஞாயித்துக்கிழமையாப் பார்த்து வைங்க. டின்னருக்கு பதில் பிரியாணி :-)

2. மேடைப் பேச்சு வேணாம், கண்ணால காட்டுங்க. ஒரே கலவையை ரெண்டாப் பிரிச்சு, ஒண்ணுல அளவாத் தண்ணி, இன்னொண்ணுல ஒரு குடம் கூட. ரெண்டுலயும் கியூப் போட்டு, இருபத்தெட்டு நாள் கழிச்சு அதே ஆளுங்க முன்னாடி அழுத்தி உடைச்சுக் காட்டுங்க. முள் எங்க நிக்குதுன்னு பார்த்துட்ட மேஸ்திரி அப்புறம் ஹோஸைக் கேட்க மாட்டார். சிமெண்ட் கம்பெனிக்காரங்க மேஸ்திரிங்களுக்குக் கூட்டம் நடத்தறதில்லையான்னா, நடத்தறாங்க. ஆனா கம்பெனி பேரைச் சொல்லாத கூட்டம்னா அதுக்கு மதிப்பே வேற.

3. ஒரே ஒரு பக்கம். தமிழ்ல. பின்னாடி இந்தியிலயும் ஒடியாவுலயும். (தமிழ்ப் பதிவர்கள் அடிக்க வராதீங்க, தளத்துல நிக்கறவனுக்குப் புரியணும்கறதுதான் முக்கியம்.) அதுல என்ன இருக்கணும்? சலான்ல ஏத்துன நேரத்தைப் பாரு, ரெண்டு மணி நேரத்துக்குள்ள இறக்கி முடி. ஸ்லம்ப் பார்க்கச் சொல்லு: முப்பது சென்டிமீட்டர் உயரக் கூம்பு, மூணு அடுக்கு, அடுக்குக்கு இருபத்தஞ்சு குத்து. கெட்டியா இருந்தா தண்ணி ஊத்தாதே, ஆலைக்கு போன் போடு, அவங்க ஆள் வந்து அதுக்கான கெமிக்கலைக் கலக்கட்டும். பதினஞ்சு கன மீட்டர் வரைக்கும் ரெண்டு சாம்பிள், சாம்பிளுக்கு மூணு கியூப். கம்பிக்கு அடியில கவர் பிளாக். பாத்தி கட்டி, சாதா சிமெண்டா இருந்தா குறைஞ்சது ஏழு நாள், சாம்பல் கலந்த பி.பி.சி.யா இருந்தாலோ நம்ம ஊர் வெயிலா இருந்தாலோ பத்து நாள், தண்ணி நிறுத்து. அவ்வளவுதான். ஒரு கல்யாணப் பத்திரிகை சைஸ்ல அடங்கிடும்.

4. தண்ணியோட தரத்தையும் அதுலயே சொல்லுங்க. நம்ம புறநகர்ல பாதிப் பேர் லாரித் தண்ணியில வீடு கட்டறோம். அது எந்தக் கிணத்துத் தண்ணின்னு யாருக்குத் தெரியும்? கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல குளோரைடு இருக்கக் கூடாதுன்னு ஐ.எஸ். 456 சொல்லுது. மீறினா உள்ள இருக்கிற கம்பி துரு பிடிச்சு, பத்துப் பதினஞ்சு வருஷத்துல சீலிங் பேத்துக்கிட்டு விழும். கட்டறதுக்கு முன்னாடி தண்ணியை டெஸ்ட் பண்ணணும்னு என் கிட்ட ஒருத்தர் கூடச் சொல்லலை.

5. செப்டம்பர் 7 விழாவுல பெரிய பாலத்துக்கும் அடுக்குமாடிக்கும் விருது கொடுங்க, வேணாம்கலை. கூடவே நல்லா ரூஃப் போட்ட ஒரு மேஸ்திரியை, நல்லா பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தின ஒரு சித்தாள் அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சால்வை போடுங்க. செய்திமடல்ல அவங்க போட்டோ வரட்டும்.

இதெல்லாம் நடக்குமான்னு கேட்டீங்கன்னா, தெரியாது. ஆனா ஒண்ணு நடந்தது, அதைச் சொல்லி முடிச்சுக்கறேன்.

ரெண்டு வாரம் முன்னாடி எங்க தெருவுலயே மூணு வீடு தள்ளி ரூஃப் கான்கிரீட். நான் பல்லு விளக்கிக்கிட்டே போய் நின்னேன். சரியா ரெண்டாவது லாரி. (ரெண்டாவது லாரிக்கு என்ன சாபமோ!) பைப்பு முக்க ஆரம்பிச்சது. மேல இருந்து அதே குரல், "தண்ணி வுடச் சொல்லுங்க." டிரைவர் ஹோஸைத் தொட்டார். வீட்டுக்காரர் தலையை ஆட்டப் போனார். நான் குறுக்க பூந்து, "அண்ணே, ஒரு நிமிஷம்"ன்னேன்.

"சார் யாரு, எஞ்சினியரா?"ன்னார் டிரைவர்.

"இல்லண்ணே. எட்டுக் குடம் ஊத்தினவன்."

சலான்ல இருந்த நம்பருக்கு நானே போன் போட்டேன். இருபது நிமிஷத்துல ஆலையில இருந்து ஒரு பையன் பைக்ல கேனோட வந்தான். அளந்து ஊத்தினான், டிரம்மைச் சுத்த விட்டான், கூம்பு வச்சு ஸ்லம்ப் பார்த்தான். கான்கிரீட் பம்ப்புல சமர்த்தா ஏறிச்சு. அந்த இருபது நிமிஷமும் வீட்டுக்காரர் என் மூஞ்சியைப் பார்க்கலை. நல்ல நேரம் போயிடுச்சுன்னு அவர் மாமியார் முணுமுணுத்தது எனக்கும் கேட்டுச்சு. பிரியாணிக்குக் கூப்பிடவும் இல்லை.

பரவாயில்லை. மழைக்காலம் வரட்டும், கூப்பிடுவார்.

டிஸ்கி 1: நான் எஞ்சினியர் இல்லை. உங்க வீட்டுக்கு தகுதியான எஞ்சினியர் ஒருத்தரைக் கண்டிப்பா வச்சுக்குங்க. மேடையில இருந்தவர் சொன்னது சரிதான். ஆனா லாரி வர்ற நேரத்துல அவரைப் பக்கத்துல நிக்கச் சொல்லுங்க.

டிஸ்கி 2: அந்த ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பை நானே ஒரு மாதிரி எழுதி வச்சிருக்கேன். எங்க எஞ்சினியர் சார் திருத்திக் கொடுத்திருக்கார். ஒடியா தெரிஞ்ச பதிவர் யாராவது இருந்தா பின்னூட்டத்துல கையைத் தூக்குங்க. கும்மி அடிக்க வர்றவங்களுக்கும் அனுமதி உண்டு, குடம் மட்டும் எடுத்துட்டு வராதீங்க :-))